மூன்றாவது மெட்டின் காந்தாரம்

"நான் எழுதித் தந்ததைத்தானே நீர் வாசிச்சனீர், பிறகேன்…"

"எடித் அக்கா, நீங்கள்தானே பேர் வேண்டாமெண்டு…"

"வேண்டாமெண்டது அப்ப! இப்ப…"

"அப்பவுக்கும் இப்பவுக்கும் இடையில என்ன நடந்தது? மூண்டு மாதம் போனது. அவ்வளவுதான்."

"இப்ப உலகம் முழுக்க உம்மட வயலினைப் பற்றிக் கதைக்குது. அதுதான் நடந்தது."

"உலகமோ! பிரேசிலில ஒரு மனுசி, பேசாலையில நாலு பேர். அதுக்குப் பேர் உலகமோ?"

"ரெண்டு பேரும் ஒருக்கா நிப்பாட்டுங்கோ," என்றான் றெனால்ட். "அஞ்சு மணிக்கு நான் இதை அனுப்ப வேணும். பெரியம்மா, முதல் இருங்கோ. ரீச்சர், நீங்களும் இருங்கோ."

நான் இருக்கவில்லை. ஜெயகௌரி இருந்தாள். என் வீட்டுக் கதிரையில், வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல முதுகை நேராக வைத்துக்கொண்டு.

மேசையில் இசைத்தட்டின் உறைக்கு அடிக்க வேண்டிய தாள் கிடந்தது. எட்டு பிரேசில் மெட்டுகள். மெட்டுப் போட்டவர், லுசீயாவின் தகப்பனார். கிற்றார், லுசீயா. வயலின், ஜெயகௌரி. ஒலிப்பதிவு, றெனால்ட். அதற்கும் கீழே எறும்பு எழுத்தில், இடம் தந்து உதவியவர், வின்சன்ட், பேசாலை.

வின்சன்ட் என் புருஷன். அவர் செய்த உதவி, பதிவு நடந்த ஐஸ் அறையின் பூட்டுத் திறப்பை எடுத்துக் கொடுத்தது.

"எனக்குப் பேர் வந்திட்டுது," என்றார் அவர், வாசற்படியில் நின்று. "இனி பிரேசிலில இருந்து ஆரும் இறால் கேட்டு வந்தால் வழி தெரியும்."

"நீங்கள் வாயை மூடுங்கோ," என்றேன்.

"நான் மூடினாலும் அச்சில இருக்குது, எடித்."

எட்டு மெட்டுக்கும் கை வலிக்க வலிக்கச் சுரம் எழுதியவள் நான். என் பெயர் எங்கும் இல்லை.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்கிறேன். றெனால்ட் என் தங்கச்சியின் மகன். கப்பலில் வேலை செய்தவன். பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் கால் முறிந்து, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போக, நான்கு மாதம் லுசீயா என்ற ஒரு கிழவியின் மேல்மாடியில் கிடந்தான். அவள் கிற்றார் வாசிக்கிறவள். அவளுடைய தகப்பன், துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த மனிதர், பழைய பாணியில் மெட்டுகள் போட்டவராம். அந்தப் பாணிக்கு அவர்கள் ‘அழுகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். எனக்கும் போட்டது.

றெனால்ட் ஊருக்கு வந்து, மன்னார் ரவுனில் கலியாண வீடுகளுக்கும் பெருநாட்களுக்கும் ஒலிப்பதிவு செய்கிற கடை போட்ட பிறகு, லுசீயா கேட்டாள், அப்பாவின் மெட்டுகளை உன் நாட்டு ஆள் ஒருவரைக் கொண்டு வாசித்துத் தருவாயா என்று.

அவன் முதலில் வந்தது என்னிடம். அதை யாரும் மறக்கக் கூடாது. முதலில் வந்தது என்னிடம்.

"பெரியம்மா, நீங்கள் வாசியுங்கோ. அஞ்சு கோட்டு மேற்கத்திய இசைத் தாள் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இஞ்ச நீங்கள் மட்டும்தான்."

கொன்வென்ரில் சிஸ்டர்மார் அடித்துப் படிப்பித்த வித்தை அது. கோவிலில் நாற்பது வருஷமாகப் பாடற்குழுவுக்கு ஓகன் வாசிக்கிறேன். முதல் மெட்டை எங்கள் கீபோட்டில் வாசித்தேன், அவன் அலைபேசியில் பிடித்து அனுப்பினான். இரண்டு நாள் கழித்து வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"நல்லாயிருக்குதெண்டு சொன்னவ."

"வேற?"

"இழுத்து வாசிக்கிற கருவி வேணுமாம், பெரியம்மா."

"இழுத்தெண்டால்?"

"வயலின் மாதிரி." பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "நான் சும்மா ஒண்டு அனுப்பினனான். திருக்கேதீஸ்வரத்தில திருவிழாவுக்கு ஜெயகௌரி ரீச்சர் வாசிச்சதை. அதைக் கேட்டுப்போட்டு அவ அழுதவவாம்."

அவள் வாசித்ததற்கு அழுகை. என்னுடையதற்கு ‘நல்லாயிருக்குது'. தேத்தண்ணியைப் பற்றியும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

ஜெயகௌரியோடு நான் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் படிப்பித்தவள். அவள் கர்நாடக இசை, நான் மேற்கத்திய இசை. எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அவளுடைய வில் தந்தியில் பட்டால் சத்தம் தட்டிக்கு மேலால் வரும், என் பிள்ளைகளின் தலை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பும். அப்போது நான் பியானோவை இன்னும் பலமாக அடிப்பேன். பரிசளிப்பு விழாவுக்கு என் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடுவார்கள், சனம் கதிரை தேடி நடந்து கொண்டிருக்கும்போது. கடைசி நிகழ்ச்சி அவளுடையது, ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

இத்தனைக்கும் அவள் நல்லவள். அதுதான் எனக்கு ஆகாது. கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

மன்னார்ப் பாலத்தைத் தாண்டி இரண்டு பஸ் ஏறி, றெனால்ட் கொடுத்த மெட்டுத் தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, இது எனக்கு வெறும் கோடும் புள்ளியும். நீங்கள் எழுதித் தந்தால் வாசிப்பன். இல்லாட்டி இந்த வேலை எனக்கு வேண்டாம்."

"ஏன், லுசீயா வாசிச்சு அனுப்பின கிற்றாரைக் கேட்டுப் பிடிக்க ஏலாதோ? உமக்குத்தான் காது பெரிசாச்சே."

"காதுக்குத் துணை வேணும் அக்கா. பிறத்தியான்ர வீட்டு மெட்டு. வழி தெரியாமல் உள்ளிடக் கூடாது."

பதினொரு நாள் எழுதினேன். ஒவ்வொரு புள்ளியையும் ச, ரி, க, ம என்று நீலப் பேனையால் ஒரு கொப்பியில் இறக்கினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். க-வின் தலையில் சின்னக் கோடு இருந்தால் அது மேல் காந்தாரம். கோடு இல்லாவிட்டால் கீழ்க் காந்தாரம். இரண்டுக்கும் இடையில் அரைச் சுரம்தான் தூரம். ஆனால் கீழே நின்றால் மெட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். மேலே போனால் சிரித்துவிடும்.

மூன்றாவது மெட்டு தொடக்கம் முதல் கீழ்க் காந்தாரத்திலேயே போகிறது. கடைசி வரியில், மெட்டு வீட்டுக்குத் திரும்பி வருவது போல அடங்குகிற இடத்தில், காந்தாரப் புள்ளிக்கு முன்னால் லுசீயாவின் தகப்பன் அரைச் சுரம் உயர்த்துகிற ஏற்றக்குறி ஒன்று போட்டிருந்தார். அந்த ஒரே இடத்தில் மட்டும் சிரிப்பு.

இந்த மெட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பதினோராம் நாள் அந்த இடத்தில் க என்று எழுதினேன். கோடு போடப் பேனையைத் தூக்கினேன். அந்த நேரம் முற்றத்தில் றெனால்டின் குரல் கேட்டது. ஜெயகௌரி கொப்பியை வாங்கிப்போக வந்திருந்தாள்.

"உங்களை விட்டால் இதுக்கு ஆள் இல்லை, ரீச்சர்."

"சும்மா இரும் தம்பி. உள்ள இருக்கிறாவே, அவதான் ஆள்."

"பெரியம்மா எழுதுவா. வாசிக்கிறது வேறயெல்லோ."

கோடு போடாமல் பக்கத்தைத் திருப்பினேன்.

உண்மையைச் சொன்னால், அவளை அவமானப்படுத்த நான் நினைக்கவில்லை. என் கணக்கு வேறு. பதிவு செய்கிறபோது அந்த இடத்தில் கிற்றார் ஒன்று சொல்லும், வயலின் வேறொன்று சொல்லும். என்ன பிழையென்று தெரியாமல் முழிப்பார்கள். "பெரியம்மா, ஒருக்கா உள்ள வாங்கோ," என்று றெனால்ட் கூப்பிடுவான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய், "அட, ஒரு கோடு விட்டுப்போச்சு," என்று சொல்லித் திருத்துவேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள் எனக்கு ஒரு கதிரை போடுவார்கள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு கதிரை.

அறை என்றால் ஐஸ் அறை. வின்சன்ட் முன்பு நண்டும் இறாலும் அடுக்கி வைத்த அறை. இப்போது மெசினை நிறுத்தி இரண்டு வருஷம். சுவர் முழுக்க மொத்தமான பஞ்சுத் தகடு, கதவு ஒரு சாண் மொத்தம். வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது என்று றெனால்ட் துள்ளிக் குதித்தான். மணம் மட்டும் போகவில்லை.

ஜெயகௌரி சுத்த சைவம். முதல் நாள் வாசலில் நின்று மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தினாள்.

"உள்ள போய் ஒருக்கா மூச்சு விட்டாலே மீன் மச்சம் சாப்பிட்ட மாதிரித்தான், ரீச்சர்," என்றார் வின்சன்ட்.

"கேதீஸ்வரத்தான் மன்னிப்பான். நீங்கள் கதவைச் சாத்துங்கோ."

காற்று எழும்ப முதல், காலமை ஆறரைக்குத் தொடங்குவார்கள். உள்ளே விசிறி கூடாது, சத்தம் பிடிக்குமாம். ஐஸ் அறைக்குள் இருந்து மனுசர் வேர்த்து வழிந்துகொண்டு வெளியே வருவதை அப்போதுதான் கண்டேன். கழுதைகள் நிழலுக்கு வந்து அந்தச் சுவரில் உரசும். அவற்றைத் துரத்துவது வின்சன்டின் வேலை. கையில் பனை மட்டையோடு சுற்றிச் சுற்றி நடப்பார், காவல்காரன் போல.

நான் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டேன்.

மூன்றாம் நாள் மூன்றாவது மெட்டு. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றேன். அந்தக் கதவால் ஒன்றும் கேட்காது. இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்று நின்றேன். அடுப்பில் தண்ணி கொதித்து வற்றியது.

கதவு திறந்தது. ஜெயகௌரிதான், முகமெல்லாம் வேர்வை.

"தேத்தண்ணி இருக்கோ அக்கா?"

"மூண்டாவது முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது," என்றான் றெனால்ட், பின்னால் வந்து. "ஒரே தரத்தில."

"ஒரு பிழையும் வரேல்லையோ?"

றெனால்ட் அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பையை வாங்கி ஊதினாள்.

"இல்லை அக்கா. நல்ல வடிவா எழுதியிருக்கிறியள்."

எல்லா மெட்டும் முடிந்த அன்று றெனால்ட் கேட்டான், "பெரியம்மா, உங்கட பேரை எப்பிடிப் போட?"

நான் விட்ட பிழை அப்படியே பதிவாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இது பிரேசிலுக்குப் போகும். அந்த மனுசி தகப்பனின் மெட்டைத் தன் உள்ளங்கை போல அறிந்தவள். இந்த இடத்தைக் கெடுத்தது யார் என்று கேட்பாள். எழுதியவர் எடித் என்று உறையிலேயே இருக்கும்.

"என்ர பேர் வேண்டாம்."

"போடத்தான் வேணும்," என்றாள் ஜெயகௌரி.

"வேண்டாம். இந்த வயசில எனக்கென்னத்துக்குப் பேர்?"

"அக்கா, போடுவம்."

"வேண்டாமெண்டால் வேண்டாம்."

"பாத்தீங்களோ, என்ன அடக்கம்!" என்றார் வின்சன்ட். நான் தலையைக் குனிந்து அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன்.

போன கிழமை லுசீயாவின் குரல் செய்தி வந்தது. இதே முன்னறையில் வைத்து, றெனால்ட் ஒவ்வொரு வசனமாக நிறுத்தித் தமிழில் சொன்னான்.

"மூண்டாவது மெட்டைப் பத்துத் தரம் கேட்டவவாம். கடைசி வரியில அப்பா எழுதின சுரம் அது இல்லையாம்."

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"அப்பா கடைசிக் காலத்தில அந்த இடம் வந்தவுடன வாசிக்கிறதை நிப்பாட்டிப்போடுவாராம். நான் இதில எழுதின சிரிப்புப் பொய், ஆனா வேற என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை எண்டு சொல்லுவாராம். இந்த வயலின்காரி சிரிக்காமல் வாசலில நிண்டு, போற நேரம் மட்டும் ஒருக்காச் சிரிப்பைத் தொட்டுப்போட்டுப் போறாவாம். அப்பா தேடினது அதுதானாம். எப்பிடிக் கண்டுபிடிச்சவ எண்டு அவவைக் கேட்டுச் சொல்லட்டாம்."

எல்லாரும் ஜெயகௌரியைப் பார்த்தார்கள். வின்சன்ட் கை தட்டினார். அவள் என்னைப் பார்த்தாள்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், பாடற்குழுச் சிசிலியா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "ரீச்சர், உங்கட வீட்டில வாசிச்சதாமே! அந்த மூண்டாவது மெட்டு! றெனால்ட் எனக்கு அனுப்பினவன். எனக்கு அழுகை வந்திட்டுது." நாற்பது வருஷம் என் ஓகனுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள். ஒரு நாளும் அழாதவள்.

அந்த இடம் என்னுடையது. நான் கோடு போட்டிருந்தால் அவள் மற்றவர்களைப் போலச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். தகப்பன் கடைசி வரை தேடியதை என் பேனைதான் கண்டுபிடித்தது. இப்படி நினைக்க நினைக்க அது உண்மையாகிக்கொண்டே வந்தது.

அதனால்தான் இன்று உறைத் தாளைக் கண்டவுடன் வாய் திறந்தேன்.

"சரி பெரியம்மா," என்றான் றெனால்ட், கணினியைத் திறந்து. "‘சுரம் எழுதி உதவியவர், எடித்' எண்டு போடுறன். சரியோ?"

"உதவி எண்டு போடாதை."

"வேற என்னெண்டு?"

"மூண்டாவது மெட்டில கடைசி வரி, எடித் எண்டு போடு."

"என்ன?"

"எல்லாரும் அழுகிற இடம் இருக்குதே, அது என்ர. நான் எழுதினது."

றெனால்ட் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "அது ரீச்சர் தன்ர பாட்டில மாத்தி வாசிச்சதெல்லோ? தாளில மேல் காந்தாரம்தான் எண்டு லுசீயா சொன்னவ."

"நான் கொப்பியில கீழ்க் காந்தாரம்தான் எழுதினனான். கேட்டுப் பார், அவவை."

"ரீச்சர்?"

ஜெயகௌரி வயலின் பெட்டியைத் திறந்தாள். வில்லுக்குக் கீழே என் கொப்பி இருந்தது. கொண்டுவந்திருக்கிறாள். மூன்றாவது மெட்டின் பக்கத்தை எடுத்து மேசையில் விரித்தாள். என் நீல எழுத்து. கடைசி வரி. க. தலையில் ஒன்றும் இல்லை.

"பாத்தியோ?" என்றேன்.

"இன்னும் கிட்டப் பாருங்கோ, அக்கா."

கண்ணாடியைப் போட்டேன். அந்த க-வின் தலைக்கு மேல் தாள் மெலிந்து, பஞ்சு கிளம்பியிருந்தது. யாரோ பென்சிலால் கோடு போட்டு, பிறகு றப்பரால் அழித்திருக்கிறார்கள்.

"கொண்டுபோன அண்டைக்கே வீட்டில கிற்றாரோட வைச்சுக் கேட்டனான்," என்றாள் ஜெயகௌரி. "அந்த இடத்தில ரெண்டும் ஒத்துப்போகாமல் கொழுவிச்சு. கோடு விட்டுப்போச்செண்டு தெரிஞ்சுது. நானே போட்டனான். ரெண்டு நாள் அப்பிடித்தான் வாசிச்சனான்."

"பிறகேன் அழிச்சனீங்கள்?" என்று கேட்டான் றெனால்ட்.

"அக்கான்ர கையெழுத்தில ஒரு பிழையை நான் கண்டதில்லைத் தம்பி. பதினாறு வருஷம் தட்டிக்கு அங்கால இருந்து கேட்டனான், ஒரு நாள் ஒரு சுரம் பிசகினதில்லை. எட்டு மெட்டில ஆயிரம் புள்ளி. அதில ஒண்டு மட்டும் விட்டிருக்கிறா, அதுவும் அந்த இடத்தில. அப்ப அதில ஏதோ இருக்க வேணுமெண்டு திரும்பக் கீழ வைச்சுப் பாத்தனான். சரியா வரேல்லை. கீழ நிண்டு, விடுகிற நேரம் மேலால ஒருக்காத் தடவினன். வந்திட்டுது."

வின்சன்ட் வாசற்படியில் இருந்து எழும்பி உள்ளே வந்தார். முதல் தரமாக ஒரு பகிடியும் விடவில்லை.

"அப்ப அது ரெண்டு பேரின்ரயும்தானே?" என்றான் றெனால்ட். "ரெண்டு பேரையும் போடுவம். முடிஞ்சுது. நாலே முக்கால், பெரியம்மா."

"இல்லை," என்றேன் நான். "நான் எழுதாட்டி அவ அங்க நிண்டிருக்க மாட்டா. அதை மட்டும் போடு."

"எழுதினதோ, எழுதாமல் விட்டதோ?" என்றாள் ஜெயகௌரி.

குரல் உயரவில்லை. தட்டிக்கு மேலால் வருகிற அதே சத்தம்.

"அதுக்கென்ன வித்தியாசம்?" என்றேன்.

"எனக்கு இருக்குது. அண்டைக்கு முற்றத்தில நான் நிண்டனான். நீங்கள் யன்னலுக்குள்ளால எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டனான். பேனையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, எங்கட கதையைக் கேட்டுக்கொண்டு கன நேரம் இருந்தனீங்கள். பிறகு பக்கத்தைத் திருப்பினனீங்கள்." கொப்பியை என் பக்கம் தள்ளினாள். "நான் ஆரிட்டையும் சொல்லேல்லை. லுசீயாவுக்கும் ஒரு மறுமொழி அனுப்பேல்லை. உங்களைக் கேக்காமல் என்னத்தை அனுப்ப?"

றெனால்டின் விரல் கணினியின் மேல் நின்றது. வெளியே ஒரு கழுதை சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. துரத்த ஒருவரும் போகவில்லை.

"மறந்து விட்டதெண்டால் அது வெறும் பிழை, அந்த இடம் என்ர," என்றாள் ஜெயகௌரி. "தெரிஞ்சு விட்டதெண்டால் அது உங்கட, உங்கட பேரை என்ர பேருக்கு மேல போடச் சொல்லுறன். சொல்லுங்கோ அக்கா, எது?"